படிப்புச் செலவு பிறந்த வீட்டுக்கா, புகுந்த வீட்டுக்கா?

கல்யாணமான பெண் ஒருத்தி, "நான் மேலே படிக்கிறேன்" என்று சொன்னால், முன்பெல்லாம் வீட்டில் எழுகிற கேள்வி, "எதுக்கு?" என்பதுதான். இப்போது அப்படி அதிகம் பேர் கேட்பதில்லை. அந்த மட்டில் காலம் மாறித்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கேள்வி போன இடத்தில் இன்னொன்று வந்து உட்கார்ந்துகொண்டிருக்கிறது: "செலவு யாருடையது?"

முதல் கேள்விக்காவது பதில் சொல்லிவிடலாம். இரண்டாவது கேள்விக்குப் பதில் கிடைப்பதற்குள் பல பெண்களுக்கு வயது முப்பத்தைந்து தாண்டிவிடுகிறது. அந்த முப்பத்தைந்துக்கு ஒரு விசேஷம் உண்டு, பின்னால் சொல்லுகிறேன்.

நான் பிறந்தது ராஜபாளையம், வாக்கப்பட்டது ஸ்ரீவில்லிபுத்தூர். இரண்டுக்கும் நடுவே பத்துப் பன்னிரண்டு கிலோ மீட்டர்தான். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, பக்கத்தில் இருப்பவளிடம் ஊர் பேர் விசாரித்து முடிப்பதற்குள் இறங்கும் இடம் வந்துவிடும். ஆனால் ஒரு பெண்ணின் காலேஜ் பீஸ் என்று வந்துவிட்டால், அதைப் போல நீளமான தூரம் உலகத்திலேயே கிடையாது. "கட்டிக் கொடுத்தாச்சு, இனிமேல் அவங்க பாடு" என்று ராஜபாளையம் சொல்லும். "படிக்க வைக்கிறதுன்னா கட்டிக் கொடுக்கிறதுக்கு முன்னாலேயே வச்சிருக்கணும்" என்று ஸ்ரீவில்லிபுத்தூர் சொல்லும். இரண்டுமே நியாயமாகத்தான் தோன்றும். பீஸ் மட்டும் நடுவழியில் எங்கேயோ நின்றுகொண்டிருக்கும்.

நான் நெடுங்காலம் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தவள். என் எம்.ஏ. பட்டமே கல்யாணத்துக்குப் பிறகு, மதுரையிலிருந்து அஞ்சல் வழியில் வந்ததுதான். பீஸ் கட்டியது சீட்டுப் பணம். அதனாலோ என்னவோ, எங்கள் தெருவில் எந்த வீட்டு மருமகளுக்குப் படிப்பு ஆசை வந்தாலும், "டீச்சரக்காவைப் போய்க் கேளு" என்று அனுப்பிவிடுகிறார்கள். அப்படி விண்ணப்பங்கள் நிரப்பி நிரப்பித் தெரிந்துகொண்டதை உங்களோடு பகிர்ந்துகொள்ளலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

என் தங்கை மகளையே எடுத்துக்கொள்ளுங்கள். ராஜபாளையத்தில் பி.எஸ்ஸி. ரசாயனம் முடித்தாள், அடுத்த தை மாதமே கல்யாணம். மாப்பிள்ளை ஸ்ரீவில்லிபுத்தூர். ராஜபாளையத்து நூற்பாலை ஒன்றில் கணக்கு எழுதுகிறார். மாமியார் நாலு மாடு வைத்துப் பால்கோவாக் கடைகளுக்குப் பால் ஊற்றுகிறவர். வம்பு தும்பு இல்லாத குடும்பம். ஆறு வருஷம் கழிந்தது. பையன் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தான். ஒரு நாள் சாயங்காலம் வந்து, "பெரியம்மா, எம்.எஸ்ஸி. சேரட்டுமா?" என்றாள்.

"வீட்டிலே என்ன சொல்றாங்க?" என்று கேட்டேன்.

"யாரும் வேண்டாம்னு சொல்லலை, பெரியம்மா. யாரும் பீஸைப் பத்தியும் பேசலை."

இந்த மௌனம் இருக்கிறதே, அதுதான் நம் வீடுகளில் பெரிய தடை. சண்டை போட்டால் பதிலுக்குச் சண்டை போடலாம். மௌனத்தோடு எப்படிப் போடுவது? சரி, வீட்டாரைக் கேட்காமல் வேறு எங்கே கேட்கலாம் என்று இரண்டு பேரும் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம்.

நம் ராஜ்யத்தில் பெண் படிப்பும் கல்யாணமும் சேர்ந்த உதவி ஒன்று வெகு காலம் இருந்தது. 1989-ல் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் ஏழைப் பெண்களின் திருமணத்துக்கு உதவி ஆரம்பமாயிற்று. 2011-ல் தாலிக்குத் தங்கமும் சேர்ந்தது. பட்டமோ டிப்ளமாவோ வாங்கிய பெண்ணுக்கு ஐம்பதாயிரம் ரூபாயும் நாலு கிராம் தங்கமும் என்றார்கள். 2016-ல் அது எட்டு கிராம், அதாவது ஒரு பவுன் ஆயிற்று. அந்தப் பவுனுக்காகவே பெண்ணைக் காலேஜுக்கு அனுப்பிய வீடுகள் எங்கள் பக்கத்தில் உண்டு. அதை நான் குறை சொல்ல மாட்டேன். எதற்காகப் படித்தால் என்ன, படித்தது படித்ததுதானே! ஆனால் அந்த ஏற்பாட்டில் கல்யாணம் என்பது படிப்புக்கு முற்றுப் புள்ளி.

2022-ல் அதைத் திருப்பிப் போட்டார்கள். அதே அம்மையார் பெயரில், அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை படித்த பெண், காலேஜில் படிக்கிற வரையில் மாதம் ஆயிரம் ரூபாய், அவள் பேரிலுள்ள பாங்குக் கணக்கிலேயே என்று, அந்த வருஷம் செப்டம்பர் 5-ஆம் தேதி 'புதுமைப் பெண்' திட்டம் தொடங்கியது. தொகை சிறிதுதான். ஆனால் கல்யாணப் பணம் படிப்புப் பணமாக மாறியது சிறிய விஷயமா? நம் பெண்ணுக்கு மட்டும் அது பயன்படவில்லை. முதல் பட்டம், டிப்ளமா, ஐ.டி.ஐ. இவற்றுக்குத்தான் அது, முதுகலைக்கு இல்லை.

ஆகவே மற்ற விண்ணப்பங்களைப் புரட்டினோம். புரட்டியதில் ஒன்று நன்றாகத் தெரிந்தது. நாங்கள் பார்த்தவற்றில் ஒன்றில்கூட, "கல்யாணமானவர்களுக்கு இல்லை" என்று போட்டிருக்கவில்லை. கேட்பதெல்லாம் மார்க்கு, வயது, வருமானம், ஜாதிச் சான்றிதழ், பாங்குக் கணக்கு, அவ்வளவுதான். சகோதரிகளே, கல்யாணம் குறுக்கே வருவது விதியில் அல்ல, காகிதத்தில். அது எப்படி என்று சொல்லுகிறேன்.

முதல் காகிதம் வருமானச் சான்றிதழ். யாருடைய வருமானம்? அப்பாவுடையதா, கணவருடையதா? ஆதி திராவிட மாணவர்களுக்காக மத்திய அரசு கொடுக்கும் 'போஸ்ட் மெட்ரிக்' உபகாரச் சம்பளத்துக்கு 2010-ல் வந்த விதிகளில் இதைத் தெளிவாகவே எழுதியிருந்தார்கள். பொதுவாகப் பெற்றோரின் வருமானம். கல்யாணமாகி வேலையில்லாமல் இருக்கும் பெண்ணானால் கணவரின் வருமானம். ஆனால் மத்திய அரசின் இதர பிற்பட்டோர் சான்றிதழுக்குப் போனால் விஷயம் தலைகீழ். 'கிரீமி லேயர் அல்ல' என்று சான்று வாங்கவேண்டும் அல்லவா? அங்கே கணவரின் சம்பளத்தைப் பார்ப்பதே கிடையாது. கல்யாணமாகி எத்தனை வருஷமானாலும் பெற்றோரின் நிலையைத்தான் பார்க்கவேண்டும். 2017 முதல் வருஷத்துக்கு எட்டு லட்சம் என்பது வரம்பு. அதிலும் பெற்றோரின் மாதச் சம்பளத்தையும் விவசாய வருமானத்தையும் சேர்க்கக் கூடாது. ஜாதியும் அப்படித்தான், பிறந்த வீட்டுடையதுதான் கடைசி வரைக்கும்.

வேடிக்கையைப் பார்த்தீர்களா? பெண் ஒருத்திதான். ஒரு காகிதத்துக்கு அவள் ஸ்ரீவில்லிபுத்தூர் மருமகள். இன்னொரு காகிதத்துக்கு ராஜபாளையத்து மகள். இரண்டும் தனித்தனித் தாலுகா. அந்த இரண்டு தாலுகா ஆபீஸுக்கும் நடந்ததில் எங்கள் பெண் பஸ் கண்டக்டர்களுக்கெல்லாம் பழக்கமாகிவிட்டாள். கல்லூரியில் கேட்டது கணவரின் வருமானச் சான்று. மாப்பிள்ளைக்கு மாதம் பதினெட்டாயிரம். வருஷத்துக்கு 2,16,000 ரூபாய். வரம்பு இரண்டரை லட்சம். தப்பித்தாள். கட்டணத்தில் ஒரு பகுதியை அந்த உபகாரச் சம்பளம் தாங்கியது. மீதிக்கு மாமியார் ஒரு மாட்டின் பால் கணக்கைத் தனியாக எழுதச் சொல்லிவிட்டார். "இது உன் படிப்பு மாடு, தாயி" என்றாராம். மௌனம் அன்றோடு உடைந்தது. அரசாங்கம் ஒரு பங்கைக் கொடுத்த பிறகுதான் வீட்டுக்கும் கொடுக்கத் தோன்றுகிறது. இதை நான் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது காகிதம் இனிஷியல். சிரிக்காதீர்கள். மார்க்கு ஷீட்டில் அப்பாவின் இனிஷியல். கல்யாணத்துக்குப் பிறகு ஆதார் அட்டையில் கணவரின் இனிஷியல். பாங்குப் புத்தகத்தில் பேருக்குப் பின்னால் கணவர் பெயர் முழுசாக. உபகாரச் சம்பளம் இப்போதெல்லாம் ஆதாரோடு இணைத்த கணக்கில்தான் வந்து விழுகிறது. மூன்று இடத்தில் மூன்று பெயராக இருந்தால் பணம் யாரைத் தேடிக்கொண்டு வரும்? ஆகையால், படிப்பை மேலே தொடரும் எண்ணம் கொஞ்சம் இருந்தாலும் இனிஷியலை மாற்றாதீர்கள். அப்பா பெயர் முன்னால் இருப்பதால் கணவருக்கு மரியாதை குறைந்துவிடாது. மாற்றியாகிவிட்டதா? கல்யாணப் பதிவுச் சான்றிதழைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் 2009 முதல் எல்லாக் கல்யாணத்தையும் பதிவு செய்தாகவேண்டும் என்று சட்டமே இருக்கிறது. கல்யாண ஆல்பத்துக்குச் செலவழிக்கிற நாம், இந்த ஒரு காகிதத்தைத்தான் மறந்துவிடுகிறோம்.

கல்லூரிகளுக்கு எங்கள் பக்கத்தில் குறைவில்லை. ராஜபாளையத்தில் ராஜுக்கள் கல்லூரி 1973 முதல் இருக்கிறது. கிருஷ்ணன்கோவிலில் கலசலிங்கம் 1984-ல் ஆரம்பமாயிற்று. காலையில் போய்ச் சாயங்காலம் அடுப்பு மூட்டுகிற நேரத்துக்குத் திரும்பிவிடலாம். விடுதிச் செலவு இல்லாமல் இருப்பதே பாதி உபகாரச் சம்பளம் என்பேன். முப்பது வயதுக்குள் நேராகக் கல்லூரிக்குப் போய் முதுகலை படிப்பவர்களுக்குப் பல்கலைக்கழக மானியக் குழு ஏற்படுத்திய தேசிய உபகாரச் சம்பளமும் ஒன்று உண்டு. மாதம் 15,000 ரூபாய், வருஷத்தில் பத்து மாதம். பட்டப் படிப்பில் நல்ல மார்க்கு வாங்கிய பெண்கள் அதை விட்டுவிடக் கூடாது. அஞ்சல் வழிப் படிப்புக்கு அது இல்லை.

எம்.எஸ்ஸி. முடிந்தபோது எங்கள் பெண்ணுக்கு வயது முப்பது. இப்போது அந்த முப்பத்தைந்தின் விசேஷத்துக்கு வருகிறேன். 'நெட்' என்று வருஷத்துக்கு இரண்டு தடவை ஒரு பரீட்சை நடக்கிறது. அதில் மேல் வரிசையில் தேறினால், டாக்டர் பட்ட ஆராய்ச்சிக்கு ஜே.ஆர்.எப். என்ற உபகாரச் சம்பளம் கிடைக்கும். 2023 ஜனவரி முதல் அது மாதம் 37,000 ரூபாய். இரண்டு வருஷத்துக்குப் பிறகு 42,000. வீட்டு வாடகைப் படி தனி. இதற்கு வயது வரம்பு முப்பது. ஆனால் பெண்களுக்கு, எந்த ஜாதியானாலும் சரி, ஐந்து வருஷம் கூடுதல். கல்யாணம், பிரசவம் என்று நமக்குப் போகிற வருஷங்களை யாரோ ஒரு புண்ணியவான் நினைத்துப் பார்த்து எழுதி வைத்த மாதிரி இருக்கிறது. உதவிப் பேராசிரியர் தகுதிக்கு மட்டும் எழுதினால் வயது வரம்பே கிடையாது.

முதல் தடவை அவளுக்குத் தகுதி மட்டும்தான் வந்தது. உபகாரச் சம்பளம் வரவில்லை. வீட்டில் கொஞ்சம் முணுமுணுப்பு. "ரெண்டு வருஷம் படிச்சதே போதாதா?" என்று கொழுந்தன் கேட்டானாம். மாமியார்தான் பதில் சொன்னார்: "கோவாக் கிண்டுறவ பால் வத்துற வரைக்கும் கரண்டியை விடக் கூடாது. பாதியிலே விட்டா அடி பிடிச்சுப் போகும். அவ எழுதட்டும்." மறு தடவை எழுதினாள், முப்பத்திரண்டாவது வயதில் தேறினாள்.

அன்றைக்கு எல்லோருக்கும் சந்தோஷம். மறுநாள்தான் கணக்கு உறைத்தது. கணவருக்குப் பதினெட்டாயிரம், படிக்கிற பெண்டாட்டிக்கு முப்பத்தேழாயிரம்! மாப்பிள்ளை என்னைப் பார்க்க வந்தார். சுற்றி வளைத்துப் பேசினார். கடைசியில், "எனக்கு ஒண்ணும் வருத்தமில்லை, அத்தை. மில்லிலே நாலு பேர் கேலி பண்றாங்க, அதான்" என்றார்.

"மாப்பிள்ளை, இதையே நீங்க வாங்கி, அவ வேலைக்குப் போயிருந்தா அவங்க கேலி பண்ணியிருப்பாங்களா?" என்றேன்.

யோசித்தார். "அப்பவும் பண்ணுவாங்க, அத்தை. பெண்டாட்டி சம்பாத்தியத்திலே படிக்கிறான்னு சொல்வாங்க" என்றார். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். எப்படியும் கேலி நிச்சயம் என்றால், பணத்தோடு வருகிற கேலியே மேல் என்று அவருக்கும் புரிந்தது. கணக்கு எழுதுகிறவர் அல்லவா!

ஆனால் இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. உபகாரச் சம்பளம் முதல் தேதி சம்பளம் மாதிரி அல்ல. சேர்ந்து, பதிவாகி, காகிதம் மேலே போய் வருவதற்குள் சில மாதங்கள் ஆகும். பிறகு சேர்த்து வைத்து வரும். மொத்தமாக ஒரு தொகை வந்தவுடன் வீட்டில் எல்லோருக்கும் யோசனை பிறக்கும். மாடி கட்டலாம், நாத்தனார் கல்யாணத்தை முடிக்கலாம், பைக் வாங்கலாம் என்பார்கள். எங்கள் வீட்டிலும் பிறந்தது. நான் பெண்ணைக் கூப்பிட்டு, "மூணு பங்கா வை" என்றேன். ஒரு பங்கு வீட்டுக்கு. அதைத் தாராளமாகக் கொடு. ஒரு பங்கு படிப்புக்கு. மதுரைக்குப் போய்வருகிற செலவு, புத்தகம், ஆராய்ச்சிக் கட்டுரை அச்சாகிற செலவு. மூன்றாவது பங்கைத் தொடாதே. பணம் தாமதமாகிற மாதங்களுக்கு அது. இல்லாவிட்டால், பணம் நிற்கிற மாதம் படிப்பை நிறுத்து என்பார்கள்.

டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிற பெண்களுக்கென்றே பல்கலைக்கழக மானியக் குழு 2016-ல் விதிகள் செய்தது. 2022-ல் வந்த புது விதிகளிலும் அவை இருக்கின்றன. பெண்களுக்கு ஆராய்ச்சியை முடிக்க இரண்டு வருஷம் கூடுதல் அவகாசம் தரலாம். பிரசவத்துக்கோ குழந்தையைப் பார்த்துக்கொள்ளவோ ஒரு தடவை 240 நாள் வரை விடுப்பு எடுக்கலாம். கல்யாணத்தாலோ வேறு காரணத்தாலோ ஊர் மாறவேண்டி வந்தால், செய்த ஆராய்ச்சியைப் புது ஊர்ப் பல்கலைக்கழகத்துக்கு மாற்றிக்கொண்டு போகலாம். அந்த வேலை வேறு யாருடைய பணத்தில் நடக்கும் திட்டமாகவும் இருக்கக் கூடாது, அவ்வளவுதான். "மாப்பிள்ளைக்குக் கோயமுத்தூர் மாற்றல், என் படிப்பு போச்சு" என்று அழுகிற பெண்கள் இந்த விதியைத் தெரிந்துகொள்ளவேண்டும். விடுப்பின்போது உபகாரச் சம்பளம் எத்தனை நாளுக்குத் தொடரும் என்பதைச் சேரும்போதே எழுத்தில் கேட்டு வாங்கி வையுங்கள்.

உபகாரச் சம்பளம் கிடைக்காதவர்கள் உடனே வளையலைக் கழற்றிக்கொண்டு அடகுக் கடைக்குப் போகவேண்டாம். பாங்குகளில் படிப்புக் கடன் இருக்கிறது. நாலு லட்சம் வரைக்கும் சொத்து ஜாமீன் கேட்கக் கூடாது. கல்யாணமான பெண்ணானால் கூடக் கையெழுத்துப் போட அப்பாதான் வரவேண்டும் என்பதில்லை. கணவர் போடலாம், மாமனார் மாமியாரும் போடலாம். படிப்பு முடிந்து ஒரு வருஷம் கழித்துத் தவணை கட்ட ஆரம்பித்தால் போதும். மனைவிக்காகக் கணவர் கடன் வாங்கிக் கட்டுகிற வட்டிக்கு, பழைய வரி முறையில் இருப்பவரானால், வருமான வரியில் கழிவும் உண்டு. இதைச் சொன்னதும் பல கணவன்மார்கள் முகம் மலர்வதை நான் பார்த்திருக்கிறேன்! ஆனாலும் கடன் கடன்தான். முதலில் உபகாரச் சம்பளத்தைத் தேடுங்கள். கடனைக் கடைசிக் கதவாக வைத்துக்கொள்ளுங்கள்.

விஞ்ஞானம் படித்துவிட்டுக் குழந்தை குட்டி என்று பல வருஷம் வீட்டில் இருந்துவிட்டவர்களும் மனம் தளரவேண்டாம். இப்படி நடுவில் நின்றுபோன பெண்களுக்கென்றே மத்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறை 2002 வாக்கில் ஒரு திட்டம் ஆரம்பித்தது. 27 வயது முதல் 57 வரை இருந்தவர்களுக்கு அதில் இடம் கொடுத்தார்கள். பின்னால் 'வைஸ்-கிரண்' என்ற பெயரின் கீழ் இப்படிப்பட்ட உதவிகள் ஒன்று சேர்ந்தன. ஐம்பத்தேழு என்றால் பேரன் பேத்தி எடுக்கிற வயது என்பதைக் கவனித்தீர்களா?

அமெரிக்காவில் இந்தப் பிறந்த வீடு, புகுந்த வீட்டு வழக்கை ஒரே வரியில் தீர்த்துவிட்டார்கள். மத்திய அரசின் உதவிக்கு விண்ணப்பம் போடுகிற அன்று கல்யாணமாகியிருந்தால், அந்த மாணவர் ஆணோ பெண்ணோ, பெற்றோரின் வருமானத்தைக் கேட்பதில்லை. புருஷன், பெண்டாட்டி இருவரின் கணக்கை மட்டும் பார்க்கிறார்கள். நம் ஊரில் அப்படி ஒரே விதி வருகிற வரையில், இரண்டு வீட்டுக் காகிதங்களையும் நாம்தான் சேர்த்து வைக்கவேண்டும்.

ஆகவே நான் சொல்வது இதுதான். ஒரு பைல் வாங்குங்கள். அதில் பத்தாம் வகுப்பிலிருந்து எல்லா மார்க்கு ஷீட்டும், ஜாதிச் சான்றும், அப்பாவின் வருமானத்துக்கான காகிதமும், கணவரின் வருமானச் சான்றும், கல்யாணப் பதிவும், உங்கள் பெயரில் மட்டும் உள்ள ஒரு பாங்குப் புத்தகமும் இருக்கட்டும். வருமானச் சான்றை வருஷா வருஷம் புதுப்பியுங்கள். கல்யாணத்துக்குப் பெண்ணை அனுப்பும்போது பாத்திரம் பண்டம், பீரோ கட்டில் எல்லாம் வரிசையாக அனுப்புகிறோம். அவள் சான்றிதழ்கள் மட்டும் பிறந்த வீட்டு டிரங்குப் பெட்டியிலேயே தங்கிவிடுகின்றன. பெண்ணைப் பெற்றவர்கள் அதையும் சீரோடு சேர்த்து அனுப்புங்கள்.

எங்கள் பெண் இப்போது மூன்றாம் வருஷ ஆராய்ச்சியில் இருக்கிறாள். அவள் படிப்பு மாடு இன்னும் கறக்கிறது. அந்தப் பால் பணத்தை மாமியார் இப்போது வேறொரு கணக்கில் எழுதுகிறார். கொழுந்தனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். வருகிற மருமகளும் படிக்கவேண்டும் என்று கேட்டால் கையில் இருக்கட்டுமே என்கிறார்.